கவிழ்த்து வைத்த கேன்கள்

"எங்க பாலையும் அதே கேன்லதான் ஊத்தணும். அதையும் எழுதிக்கங்க மேடம்."

சொல்லி முடிக்கவில்லை, என் முழங்கைக்கு மேலே நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. அம்மாதான். இருபத்து மூன்று வயதுப் பட்டதாரியை விசாரணை அதிகாரிக்கு எதிரில் வைத்துக் கிள்ள அவளால் மட்டும்தான் முடியும்.

காலையிலிருந்து மூன்று முறை சொல்லியிருந்தாள். சாணி அள்ளும்போது ஒரு முறை, எனக்குத் தலை பின்னிவிடும்போது ஒரு முறை, வரும் வழியில் புளியமரத்தடியில் என்னை நிறுத்தி வைத்து ஒரு முறை. "மெஷின ஒடச்சதப் பேசு. கண்ணாடிய ஒடச்சதப் பேசு. செகரட்டரி கையில ரத்தம் வந்ததப் பேசு. கேனப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத." இன்றைக்கு மட்டுமில்லை, பன்னிரண்டு வருடமாக இதைத்தான் சொல்லிவருகிறாள்.

நான் வாயைத் திறந்துவிட்டேன்.

ஆவாரங்குடி பால் சொசைட்டியின் ஒற்றை அறையில் ஆறு பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால் அரியலூரிலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரி ஜெயசுதா. அவர் சொல்லச் சொல்ல மடிக்கணினியில் தட்டுவதற்கு ஒரு ஆள். ஒரு பக்கம் சொசைட்டித் தலைவர் பூவரசன், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். இன்னொரு பக்கம் செயலாளர் சாமிதுரை, இடது உள்ளங்கையில் தையல் தழும்போடு. எதிரில் நாங்கள் இரண்டு பேர். நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மா அதன் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளலாம் என்பது போல உட்கார்ந்திருந்தாள்.

"புகார்தாரர் வெற்றிச்செல்வி. தாயார் கொளஞ்சியம்மாள், உறுப்பினர் எண் அறுபத்தொண்ணு. சரிதானே?" என்று அதிகாரி கேட்டார்.

"சரிதான் மேடம்."

"கேனப் பத்தி உன் புகார்ல ஒண்ணும் இல்லையேம்மா."

"இல்ல. இப்பச் சொல்றேன்."

பூவரசன் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பை நான் பதினொரு வயதில் இதே அறையில் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் தெருவுக்கு மாடு வந்தது அரசாங்கம் கொடுத்த விலையில்லா மாட்டுத் திட்டத்தில். அதுவரைக்கும் ஊருக்குள் இருப்பவர்களின் மாட்டைக் குளிப்பாட்டியிருக்கிறோம், மேய்த்திருக்கிறோம், செத்தால் தூக்கிப் போயிருக்கிறோம். பால் கறந்து விற்றதில்லை. ஒன்பது வீட்டுக்கு ஒன்பது கலப்பின மாடு, கூடவே சொசைட்டியில் ஆளுக்கொரு உறுப்பினர் எண். எங்களுடையது நெற்றியில் வெள்ளை விழுந்த சிவப்பு. கன்று போட்டுப் பத்து நாள் கழித்து, ஒன்பது பெண்களும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினார்கள். நான் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

சொசைட்டி வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே வரிசை நின்றது. எங்களைப் பார்த்ததும் அந்த வரிசையின் வால் ஓரடி முன்னால் நகர்ந்துகொண்டது. நாங்கள் அந்த ஓரடியை விட்டு நின்றோம். ஒவ்வொருத்தராக ஊற்றிவிட்டு நகர, கடைசியில் அம்மாவின் முறை வந்தது. ஒன்பது பேரில் முதல் ஆளாக அவளைத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள். அப்போது எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் ஊற்றிவிட்டவர்களும் போகாமல் நின்றார்கள். பூவரசன் தொண்டையைக் கனைத்தார்.

சாமிதுரை நிமிர்ந்தே பார்க்கவில்லை. வாளியை எடுத்தார். பால்மானியைப் போட்டு டிகிரி பார்த்தார். அளவையில் ஊற்றினார். பிறகு, பாதி நிறைந்திருந்த மூன்றாவது கேனின் வடிகட்டி வழியாக மொத்தத்தையும் கவிழ்த்தார். பால் பாலில் விழுகிற அந்தத் தடித்த சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

"அறுபத்தொண்ணு. ரெண்டு லிட்டர் முன்னூறு. டிகிரி இருவத்தெட்டு. அடுத்த ஆளு வா."

அவ்வளவுதான். பெயர் கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை. அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. கலந்த பாலை யாரால் பிரிக்க முடியும்?

திரும்பி வரும்போது அம்மா அழுதாள். அப்புறம் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இதப் பத்தி யார்கிட்டயும் பேசப்படாது. பள்ளிக்கூடத்துலயும் பேசப்படாது. யாராவது கேட்டா தெரியாதுன்னு சொல்லு. பேசுனாத்தான் அவங்களுக்கு ஞாபகம் வரும்."

அதிலிருந்து பன்னிரண்டு வருடம். என்னைக் கேட்டால் என் வாழ்க்கையில் நல்ல நேரம் எது என்று, ஸ்கூல் என்று சொல்ல மாட்டேன், அரியலூர் காலேஜ் என்றும் சொல்ல மாட்டேன். காலை ஐந்தரையிலிருந்து ஆறே கால் வரைக்கும் இந்தத் தகரக் கொட்டகை என்றுதான் சொல்வேன். வாரம் பத்து நாள் பழகியதும் அந்த ஓரடி காணாமல் போனது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பல் குச்சியை வாயில் வைத்துக்கொண்டு, ஊரே தூக்கக் கலக்கத்தில் நின்றது. தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவனுக்குச் சாதி அவ்வளவு சரியாக ஞாபகம் இருப்பதில்லை.

சாமிதுரை யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நம்பர்தான். "ஏ முப்பத்துநாலு, மடியில புண்ணு இருந்தா பால ஊத்தாத, போ." "பதினேழு, ஒன் மருமவ வரலியா? சண்டையா?" பூவரசனுக்கு நம்பர் நாலு. "வாங்க நாலு" என்பார், தலைவரையே. என்னைச் சின்ன அறுபத்தொண்ணு என்பார். மேலத் தெரு சம்பூர்ணத்தின் பாலில் பால்மானி முங்கும்போதெல்லாம் அதைத் தூக்கிக் காட்டிக் கேட்பார்:

"ஏ இருவத்திரண்டு, ஒன் மாடு கொள்ளிடத்துல எறங்கித் தண்ணி குடிச்சுதா? இல்ல, நீயே மொண்டு ஊத்துனியா?"

"மழ பேஞ்சுதுல்ல, வாளியில வுழுந்துருக்கும்" என்பாள் சம்பூர்ணம், வானத்தில் ஒரு மேகம் இல்லாத சித்திரையில்.

வரிசை மொத்தமும் சிரிக்கும். நாங்களும் சிரிப்போம். மேலத் தெருக்காரியைப் பார்த்து எங்கள் தெரு முகத்துக்கு நேராகச் சிரிக்கக்கூடிய இடம் ஊரில் அது ஒன்றுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கடைசி அஞ்சு. வரிசையில் கடைசியாக ஊற்றுகிற ஐந்து பேர், வண்டியில் திரும்பி வந்த காலிக் கேன்களைக் கழுவ வேண்டும். வெந்நீர், சோடாத்தூள், தேங்காய் நார். கழுவி முடித்ததும் பலகையின் மேல் கவிழ்த்து வைத்து, மூடியைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கேனை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனால் சாமிதுரை தெருவரைக்கும் துரத்துவார். "கவுக்காம போனா சாயங்காலம் மொத்தப் பாலும் திரிஞ்சுரும்டா! நூறு வூட்டு ஒழைப்புடா!" அமைச்சரே வந்தாலும் கவிழ்க்காமல் போக முடியாது. கடைசி அஞ்சுக்குத் தப்பிக்கத்தான் எல்லாரும் இருட்டிலேயே எழுந்து ஓடி வருவார்கள். ஒருநாள் பூவரசன் தாமதமாக வந்து மாட்டிக்கொண்டார். அம்மா கேனைச் சாய்த்துப் பிடித்தாள், அவர் நாரைப் போட்டுத் தேய்த்தார். வேட்டியெல்லாம் நனைந்துபோனது. "கொளஞ்சி, நல்லாச் சாச்சுப் புடி" என்றார். அம்மா சாய்த்துப் பிடித்தாள். பிறகு அவரே தூக்கிப் பலகையில் கவிழ்த்தார். அப்போது எனக்குப் பதிமூன்று வயது. இனிமேல் எல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பதிமூன்று வயதில் அப்படித்தான் தோன்றும்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு கட்சித் தலைவரைக் கைது செய்தார்கள். பந்த் என்றார்கள். மீன்சுருட்டிப் பக்கம் பஸ் கண்ணாடி உடைந்தது, அங்கேயே ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டார்கள். அதற்கும் எங்கள் ஊர்ப் பாலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் ஊர்வலம் போனவர்களுக்கு அன்றைக்கு எதையாவது உடைக்க வேண்டியிருந்தது. சாயங்காலப் பால் ஊற்றுகிற நேரம், தலையில் கட்சித் துண்டைக் கட்டிக்கொண்டு முப்பது பேர் வந்தார்கள். நான் அப்போது பஸ் இல்லாமல் அரியலூரில் மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வரிசையில் நின்றாள்.

அவர்கள் சாமிதுரையிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"காலனிப் பாலு எந்தக் கேனு?"

சாமிதுரை சொன்ன பதிலை அம்மா எனக்கு அன்றைக்கே சொன்னாள். ஒரே ஒரு தடவை. "எனக்குத் தெரியாதுப்பா. நாலுலயும் இருக்கு."

அதனால் நாலையும் கொட்டினார்கள். தங்கள் வீட்டு மாட்டுப் பாலையும் சேர்த்துத்தான். பால் படியிறங்கி, கொட்டகையைத் தாண்டி, ரோட்டுப் பள்ளத்தில் போய்த் தேங்கி நின்றதாம். புதிதாக வந்திருந்த பால் பரிசோதனை மெஷினை உடைத்தார்கள். ஜன்னலை உடைத்தார்கள். தடுக்கப்போன சாமிதுரையின் உள்ளங்கையில் கண்ணாடி ஏறியது. அன்றைக்குப் பூட்டிய சொசைட்டி இன்னும் திறக்கவில்லை.

மறுநாள் எங்கள் தெரு மறியலுக்கு உட்கார்ந்தது. முதல் வரிசையில் நான். வழக்கில் முதல் பெயரும் நான்தான். பால் சொசைட்டியை உடைத்தவர்கள் அடையாளம் தெரியாத வெளியூர் நபர்கள் ஆனார்கள். ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் அப்பா பெயர், வயது, கதவு எண் எல்லாம் தெரிந்திருந்தது. நான் மேலிடத்துக்குப் புகார் எழுதினேன். இரண்டு முறை பதில் இல்லை. மூன்றாவது முறை பதிவுத் தபாலில் போட்டேன். அதற்குத்தான் இன்றைக்கு இந்த விசாரணை.

ஜெயசுதா மேடம் கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர். மணிக்கட்டில் இரண்டு ரப்பர் பேண்டு போட்டிருந்தார், கோப்பு கட்டுவதற்காக இருக்கும். தட்டச்சு செய்த ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"படிச்சுப் பாரும்மா. மூணே விஷயம்தான்."

படித்தேன். தாக்குதல் நடத்தியவர்கள் வெளியூர் நபர்கள். சொசைட்டி உறுப்பினர் எவருக்கும் இதில் தொடர்பு இல்லை. ஊர் அமைதியையும் உறுப்பினர்களின் வசதியையும் முன்னிட்டு, சொசைட்டி திறக்கப்படும் திங்கட்கிழமை முதல் ஆதிதிராவிடர் குடியிருப்பிலேயே தனிச் சேகரிப்பு மையம் செயல்படும். இதற்குப் புகார்தாரர் சம்மதிக்கிறார். கீழே என் பெயர். அதன் மேலே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"நீ கையெழுத்துப் போட்டேனா, மறியல் கேசையும் முடிச்சுக்கலாம்னு போலீஸ் பக்கத்துல ஒத்துக்கிட்டிருக்காங்க. உனக்குக் குரூப் ஃபோர்ல வேலை வந்திருக்காமே? கேஸ் இருந்தா போலீஸ் சரிபார்ப்புல நிக்கும். எனக்குத் தெரிஞ்சு சொல்றேன்" என்றார் மேடம்.

அம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் தெருவில் அரசாங்க வேலைக்கு முதலில் தேறியவள் நான். அம்மா அதற்காகப் பன்னிரண்டு வருடம் இருட்டில் எழுந்திருக்கிறாள். அந்தப் பார்வையில் கெஞ்சல்கூட இல்லை. அதைவிட மோசம்.

பூவரசன் சிரித்துக்கொண்டே சொன்னார். "இதுல என்ன பாப்பா கொறை? ஒங்க வூட்டு வாசல்லயே வண்டி வந்து நிக்கும். ஒங்கம்மா இம்புட்டுத் தூரம் வாளியத் தூக்கிட்டு நடக்க வேணாம். புதுக் கேனு வேற. ஒங்களுக்குன்னே."

"எங்களுக்குன்னேதான் தலைவரே. அதான் வேணாங்கிறேன்."

"படிச்ச புள்ள, பேச்சு நல்லா வருது."

"ஒங்க நம்பர் நாலு. எங்க நம்பர் அறுபத்தொண்ணு. நடுவுல எங்கயும் கோடு போட்டு நான் பாத்ததில்ல."

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

வழக்குத் தாள்களோடு எனக்கும் நகல் வந்திருந்த ஒரு போட்டோ கோப்பில் இருந்தது, அதைக் கேட்டேன். மேடம் எடுத்துக் காட்டினார். போலீஸ் எடுத்தது, சம்பவம் நடந்து ஒரு மணி நேரத்துக்குள். ஓரத்தில் நேரம் அச்சாகியிருந்தது. தரையெல்லாம் கண்ணாடி. நசுங்கிக் கிடக்கிற மெஷின். வெள்ளையாய் நனைந்த படி. பின்னால் பலகை. பலகையின் மேல் வரிசையாக நான்கு கேன், கவிழ்த்து வைக்கப்பட்டு. சுவரில் ஆணிக்கு ஒன்றாக நான்கு மூடி.

"மேடம், கலவரம் பண்ண வந்த வெளியூர்க்காரன், பால ரோட்டுல கொட்டிட்டு, கேனக் கவுத்து வெச்சு, மூடிய ஆணியில மாட்டிட்டா போவான்?"

மேடம் போட்டோவைக் கையில் எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். தட்டச்சு செய்தவர் தட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

கொட்டும்போது அவர்களுக்கு வெறி இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் காலியான கேன் கைக்கு வந்ததும், கை பழகின வேலையைச் செய்துவிட்டது. பன்னிரண்டு வருடம், சிலருக்கு இருபது வருடம், இந்த அறைக்குள் காலிக் கேனை ஒருத்தரும் நிமிர்த்தி வைத்ததில்லை. சாமிதுரையின் திட்டு அவர்கள் கையில் அப்படி ஏறியிருந்தது. எங்களைப் பிரிக்க வந்தவர்கள், எங்களோடு கழுவிய கையால்தான் அதைச் செய்துவிட்டுப் போனார்கள். அந்தப் போட்டோவை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. நார், வெந்நீர், சோடாத்தூள் வாடை எல்லாம் சேர்ந்து வந்தது. சிறுபிள்ளை மாதிரி அழுதேன். கோபம் அப்புறம்தான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

"செயலாளர், இது எப்படி?" என்று மேடம் கேட்டார்.

சாமிதுரை தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் தழும்பை மறு கைக் கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு சொன்னார்.

"நாந்தாம்மா கவுத்து வெச்சேன். அவங்க போனப்பறம். பழக்க தோசம்."

பூவரசன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நான் சாமிதுரையையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அன்று எங்கள் வாளியை எடுத்தபோதும் அவர் நிமிர்ந்து பார்க்காமல்தான் இருந்தார். இரண்டும் ஒரே குனிவு. முதல் குனிவில் எங்களுக்கு இடம் கிடைத்தது. இந்தக் குனிவில் அது போய்க்கொண்டிருந்தது.

அப்போது என் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"ஐயா" என்றாள் அம்மா. இந்த அறையில் அவள் பேசி நான் கேட்டதே குறைவு. "நீங்க எப்பிடிக் கவுத்திருப்பீங்க? அவனுவ போறதுக்கு முன்னாடியே ஒங்கள வண்டில ஏத்தி திருமானூருக்கு அனுப்பிட்டாங்களே. எம் முந்தானையத்தான கிழிச்சுக் கட்டிவிட்டேன். ஒங்க மவன் ரஞ்சித்குமாருதான வண்டி ஓட்டுனான். மறந்துட்டீங்களா?"

சாமிதுரையின் கண் கலங்கியிருந்தது.

"மறக்கல கொளஞ்சி" என்றார்.

நம்பர் சொல்லவில்லை. இந்த அறைக்குள் முதன்முறையாக அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"நடந்ததச் சொல்லுங்க ஐயா. யாரு பேரும் சொல்ல வேணாம். அவனுவ என்ன கேட்டானுவங்கறத மட்டும் சொல்லுங்க" என்றாள் அம்மா.

பூவரசன் எழுந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய அவசியம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

"மேடம், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். ஒரே கேனுன்னு இந்தப் புள்ள எழுதிக் கேட்டுச்சுன்னா, எழுத்துல வந்துருச்சுன்னா, எங்காளுவ ஒத்துக்க மாட்டானுவ. இத்தினி நாளு நடந்துச்சு, நானும் கண்ண மூடிக்கிட்டேன். யாரும் கேக்கல, யாரும் சொல்லல, அது பாட்டுக்கு ஓடுச்சு. இப்பக் கேட்டுட்டா நாங்க பதில் சொல்லணும்ல? நூறு மெம்பர்ல எம்பது பேரு தனியார் வண்டிக்கு ஊத்திடுவான். ஒரு வாரத்துல சொசைட்டிக்குப் பூட்டு. யாருக்கு நஷ்டம்? தனியார்க்காரன் இவங்க தெருவுக்கு வருவானா?"

அவர் சொன்னது பொய் இல்லை. அம்மா பன்னிரண்டு வருடமாகச் சொன்னதும் இதைத்தான். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தி பயத்தில் சொன்னாள், ஒருத்தர் தெம்பில் சொன்னார்.

மேடம் என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "அம்மா, ஒரு சொசைட்டி மூடினா திரும்பத் திறக்கறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். உனக்கு இந்த இடம் எவ்வளவு பிடிக்கும்னு உன் புகாரைப் படிச்சாலே தெரியுது. நாலு பக்கத்துல ரெண்டு பக்கம் பழைய கதைதான். அந்த இடம் இருக்கணும்னா இப்போதைக்கு இதுல போடு. பின்னால மெதுவா சரி பண்ணிக்கலாம்."

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். உடைந்த ஜன்னலுக்கு அட்டை ஒட்டியிருந்தது. என் தோள் உயரத்துக்குச் சுவரில் பாசி படிந்த கோடு, கேன் கழுவும் தண்ணீர் தெறித்துத் தெறித்து. பதினொரு வயதில் அந்தக் கோடு என் தலைக்கு மேலே இருந்தது. பால்மானி வைக்கும் மாடம். சாமிதுரைக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரத்தில் நான் நம்பர் எழுதிக் கொடுத்த மேசை. அந்த ஒரு வாரம் எல்லாரும் என் முன்னால் வந்து நின்று நம்பரைச் சொன்னார்கள். பூவரசனும் "நாலு" என்று சொன்னார். இதெல்லாம் எனக்கு வேண்டும். இதைவிட வேறெதுவும் இந்த ஊரில் எனக்கு வேண்டாம்.

ஆனால் நாங்கள் கேட்காத வரைக்கும்தான் இது எங்களுக்கு என்றால், இது என்றைக்கும் எங்களுக்கு இருந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டவர் எப்போது வேண்டுமானாலும் திறப்பார். திறந்துவிட்டார். இனிமேல் நான் பேசாமல் இருந்து எதைக் காப்பாற்றுவது? தனிக் கேனையா?

"வெள்ளைத் தாள் ஒண்ணு குடுங்க மேடம்" என்றேன்.

தட்டச்சு செய்தவர் ஒன்றை உருவிக் கொடுத்தார். எழுதினேன். மூன்று விஷயம்தான். சம்பவத்தன்று வந்தவர்கள் செயலாளரிடம் கேட்ட கேள்வியை என் தாயார் நேரில் தன் காதால் கேட்டார். அதை அவரது சாட்சியமாகப் பதிய வேண்டும். கவிழ்த்து வைத்த கேன்களின் போட்டோவை அறிக்கையில் சேர்க்க வேண்டும். உறுப்பினர் எண் அறுபத்தொன்றின் பால், திங்கட்கிழமை முதல், இதே இடத்தில், இதே வரிசையில், எல்லாருடைய பாலும் ஊற்றப்படும் அதே கேனில் ஊற்றப்பட வேண்டும். கையெழுத்துப் போட்டேன். பெயருக்குக் கீழே பட்டத்தையும் போட்டேன். அந்தப் பட்டம் இந்தக் கேன் வழியாக வந்தது, அது தெரியட்டும் என்றுதான்.

"பெற்றுக்கொண்டேன்னு எழுதித் தேதி போடுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். பேனாவை எடுக்க ரொம்ப நேரம் ஆனது. எடுத்தார். எழுதினார். சுருக்கக் கையெழுத்து, தேதி. அந்தத் தாளை நான் என் கைபேசியில் போட்டோ பிடித்துக்கொண்டேன். தட்டச்சு செய்த தாளை, கோடு வெறுமையாக இருந்தபடியே, அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"வேலை?" என்றார் மேடம்.

"கேஸ நடத்திக்கிறேன் மேடம். ரோட்டுல உக்காந்தேன். ஆமான்னு சொல்லுவேன்."

"ஏ புள்ள" என்றாள் அம்மா. ஆனால் கிள்ளவில்லை.

"திமிரு" என்றார் பூவரசன், யாரையும் பார்க்காமல்.

"டிகிரிங்க" என்றேன்.

மூலையில் வைத்திருந்த எங்கள் தூக்குவாளியை எடுத்தேன். அன்று சம்பவத்தில் இங்கேயே கிடந்து, நான்கு மாதமாகச் சாட்சிப் பொருள் என்று வைத்திருந்தார்கள். அடியில் ஒரு நெளிவு, மற்றபடி நன்றாகத்தான் இருந்தது. யாரும் தடுக்கவில்லை.

வாசலுக்கு வந்துவிட்டேன். சாமிதுரையின் குரல் கேட்டது, பழைய குரல்.

"சின்ன அறுபத்தொண்ணு. திங்கக்கெழம நீ வந்து நின்னா நான் என்னத்தப் பண்றது?"

"டிகிரி பாருங்க. நம்பர் சொல்லுங்க. ஊத்துங்க."

"வேற யாரும் வரலன்னா?"

"அப்ப கடைசி அஞ்சும் நாந்தான். கழுவிக் கவுத்துட்டுப் போறேன்."

அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. படியிறங்கிவிட்டேன். வெயில் தகரத்தில் சுட்டுக்கொண்டிருந்தது. மணி மூன்றைத் தாண்டியிருந்தது, சிவப்பு மாட்டுக்கு மடி கட்டியிருக்கும். புளியமரம் வரைக்கும் நிற்காமல் நடந்தேன், காலி வாளி தொடையில் இடித்துக்கொண்டே வந்தது.